1986இல் கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா?

கேட்டவர்: கொடுமுடி மகள்

கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தாத்தா காலத்து நிலம் மூன்று ஏக்கர். அப்பா 2001இல் உயில் எழுதாமலே போய்விட்டார். அம்மாவும் இல்லை. எனக்கு 1986இல் கல்யாணம். "1995லேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்தாச்சு" என்கிறார்கள் அண்ணன்கள் இருவரும். 2009இல் பட்டாவும் அவர்கள் பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் போன வருஷம் வரை மஞ்சள் விற்ற பணத்தில் கொஞ்சம் பொங்கலுக்கு என் கணக்கில் போட்டார்கள்.

இப்போது நிலத்தை விற்கப் பேசியிருக்கிறார்கள். "89க்கு முன்னால் கல்யாணமானவளுக்குச் சட்டத்திலேயே பங்கு கிடையாது, சீரும் செய்தாச்சு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்கிறார் பெரியண்ணன். பங்கே இல்லாதவளிடம் எதற்குக் கையெழுத்து? அந்தக் காட்டில் களை எடுத்ததும், மஞ்சள் வேகவைக்கும் கொப்பரைக்கு விடிய விடிய சோகை தள்ளி எரித்ததும் நானும்தானே?

பதில்: ஈரோடு வக்கீல்

அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அண்ணன் சொல்வது பழைய கதை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம், அந்த வருஷம் மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களை விலக்கியது உண்மைதான். ஆனால் 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. எப்போது கல்யாணமானாலும் மகள் மகள்தான். அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று சில வருஷம் குழப்பம் இருந்தது. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம், தேவையில்லை, பிறப்பாலேயே உரிமை என்று தீர்த்துவிட்டது.

உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த 1995 பாகம்தான். 2005 திருத்தப்படி, 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் டிக்ரியோ இருந்தால்தான் அதைத் தொட முடியாது. வாய்மொழிப் பாகம் என்று சொன்னால் மட்டும் போதாது, அதற்கு வலுவான அரசு ஆவணங்கள் காட்ட வேண்டும். 2009இல் மாறிய பட்டா அதற்கு ஆகாது, பட்டா உரிமைப் பத்திரமே இல்லை. முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

பூர்வீகம் இல்லை, அப்பாவின் சொந்தச் சொத்து என்று அவர்கள் பேச்சை மாற்றினாலும் கவலை வேண்டாம். உயில் இல்லாததால் மகனும் மகளும் சம வாரிசுகள். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு.

பதில்: பவானி சாந்தி

அக்கா, பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பங்கிலிருந்து ஒதுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போன பொங்கல் வரை விளைச்சல் பணம் வந்திருக்கிறதே, அப்புறம் எப்படி 2009லேயே ஒதுக்கிவிட்டோம் என்பார்கள்? நான் பாகம் கேட்டு நடந்தபோது என்னிடம் இப்படி ஒரு காகிதம்கூட இல்லை, வருஷக்கணக்கில் இழுத்தது. இன்னொன்று: பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.

பதில்: மேட்டூரான்

சட்டம் சரி. ஆனால் நாளைக்கு நல்லது கெட்டதுக்குப் பிறந்த வீடு வேண்டாமா? பேசி ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாமே.

பதில்: பவானி சாந்தி

பேசட்டும் அண்ணா, ஆனால் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு பேசட்டும். உறவைக் காப்பாற்றும் பொறுப்பு எப்போதும் தங்கச்சி தலையில் மட்டும் ஏன்?

பதில்: ஈரோடு வக்கீல்

சமரசத்துக்கு வழக்கு தடை இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். ஆனால் நிலம் கைமாறுவதற்குள் நோட்டீஸ் போக வேண்டும், வாங்குபவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

பதில்: கொடுமுடி மகள்

எல்லோருக்கும் நன்றி. இன்று வில்லங்கச் சான்று வந்தது. பாகப்பிரிவினை என்று ஒரு பதிவும் இல்லை. நாளை மகளோடு ஈரோடு போய் நோட்டீஸ் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். பெரியண்ணனிடமும் போனில் சொல்லிவிட்டேன்: மூன்றில் ஒரு பங்கு என்று எழுதினால் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வருகிறேன்.