பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமா? குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது?

கேள்வி: தஞ்சைத் தாய்

வணக்கம். எனக்கு ஒன்பது வயதில் மகனும் ஆறு வயதில் மகளும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளியில் இந்த ஆண்டு ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ பற்றி ஒரு வகுப்பு நடத்தினார்கள். யாராவது தவறாகத் தொட்டால் ‘வேண்டாம்’ என்று கத்த வேண்டும், அங்கிருந்து ஓட வேண்டும், வீட்டில் வந்து சொல்ல வேண்டும் என்பதை மகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். ஆனால் அந்த வகுப்புக்குப் பெண்பிள்ளைகளை மட்டுமே அழைத்திருக்கிறார்கள்; மகனையும் மற்றப் பையன்களையும் அந்நேரம் விளையாட அனுப்பிவிட்டார்களாம். என் மாமியாரோ, பச்சைப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசி ஏன் மனத்தைக் கெடுக்கிறீர்கள் என்று வருந்துகிறார்.

இந்தக் கொடுமைக்குக் காரணம் கைப்பேசி என்கிறார் ஒருவர், குடி என்கிறார் மற்றொருவர், வளர்ப்பு சரியில்லை என்கிறார் இன்னொருவர். உண்மையில் இது ஏன் நடக்கிறது? பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததோடு எங்கள் கடமை முடிந்துவிடுகிறதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: குழந்தைகள் மனநல ஆலோசகர், சென்னை

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடிந்துவிடுவதில்லை. தடுக்க வேண்டிய பொறுப்பு பெரியவர்களுடையது. ஆறு வயதுக் குழந்தையின் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை நம்பி நாம் ஓய்ந்திருப்பது நியாயமில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கெல்ஹோர் 1984-இல் முன்வைத்த விளக்கம் எங்கள் துறையில் இன்றும் பயன்படுகிறது. இக்குற்றம் நடக்க நான்கு தடைகள் உடைய வேண்டும் என்கிறார் அவர். செய்பவருக்கு அந்த எண்ணம் இருக்க வேண்டும். அவருடைய மனச்சாட்சியின் தடை விலக வேண்டும். குழந்தையைச் சுற்றியுள்ள பாதுகாப்பில் இடைவெளி கிடைக்க வேண்டும். இறுதியாகக் குழந்தையின் எதிர்ப்பு முறிய வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட குடியும் ஆபாசக் காணொளிகளும் இரண்டாவது தடையைத் தளர்த்தக் கூடியவை. தம்மளவில் அவை முழுக் காரணம் ஆவதில்லை. பள்ளி நடத்திய வகுப்போ நான்காவது தடையை மட்டுமே வலுப்படுத்துகிறது. பெற்றோரும் பள்ளியும் நேரடியாகக் கைவைக்கக் கூடியது மூன்றாவது தடை. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் கிடப்பதும் அதுதான்.

குற்றம் செய்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் அல்லர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். அவர் குழந்தையை நெருங்குவதற்கு முன்பே பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறார். கடைக்குப் போய் வருவார், வீட்டுப்பாடம் சொல்லித் தருவார், “நீங்கள் வேலையை முடித்துவிட்டு வாருங்கள், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். பிறகு குழந்தையிடம் கைப்பேசியில் விளையாடக் கொடுப்பார், மடியில் அமர்த்திக் கிச்சுக்கிச்சு மூட்டுவார், “இது நமக்குள் மட்டும்” என்று சின்னச் சின்ன இரகசியங்களைப் பழக்குவார். அந்தத் தொடுதல் தொடக்கத்தில் குழந்தைக்குக் கெட்டதாகவே தோன்றாது. கெட்டது எனப் புரியும் வேளையில், “நீயும்தானே வாங்கித் தின்றாய், அம்மாவிடம் சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள்” என்ற ஒரு வாக்கியம் அதன் வாயை அடைத்துவிடும். இப்படி அடைபட்ட பிள்ளைகளிடம் போய், ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை என்று கேட்பது எத்தனை பெரிய கொடுமை என்பதை நாம் உணர வேண்டும்.

ஆகவே, தொடுதலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போதே, அம்மா அப்பாவிடம் மறைக்கச் சொல்லும் எந்த இரகசியத்தையும் காக்க வேண்டியதில்லை என்பதையும், எப்போது சொன்னாலும், எத்தனை நாள் கழித்துச் சொன்னாலும், திட்டு விழாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடல் உறுப்புகளின் பெயர்களைக் கூச்சமின்றிச் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத பிள்ளையால் நடந்ததைச் சொல்ல முடியாது. விருந்தினருக்கு முத்தம் கொடுக்கும்படி வற்புறுத்தாதீர்கள். “அந்த டியூஷனுக்குப் போக மாட்டேன்” என்று பிள்ளை அழுதால், பணம் கட்டியாயிற்றே என்று அதட்டி அனுப்பாமல், ஒரு வாரம் நிறுத்திவைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். திடீரென்று படுக்கையை நனைப்பது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் ஒதுங்குவது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, காரணமில்லாத வயிற்றுவலி ஆகியவை இருந்தாலே இதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது; ஆனால் கேட்டறிய அவை போதுமான காரணங்கள்.

உங்கள் மகனை விட்டுவிட்டது பெருந்தவறு. ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 12,447 குழந்தைகளில் 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினர்; அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ஆண்பிள்ளைகள். “ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்” என்ற பேச்சுதான் அவர்களை ஊமையாக்குகிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

ஆலோசகர் சொன்ன அந்த மூன்றாவது தடையைப் பள்ளியின் பக்கமிருந்து பார்க்கிறேன். ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மற்றவர் கண்ணில் படாமல் தனித்திருக்கும் நேரங்கள் எவை என்று உங்கள் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளையுடன் உதவியாளர் இருக்கிறாரா? விளையாட்டுப் பயிற்சிக்கு வெளியூர் போகும்போது பொறுப்பாசிரியை உடன் செல்கிறாரா? சிறப்பு வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்கிறதா? குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரையும், ஒப்பந்தப் பணியாளர் உட்பட, காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளே சொல்கின்றன. நல்ல ஆசிரியர் எவரும் இந்தக் கேள்விகளால் புண்படமாட்டார். அவருக்கும் இவை பாதுகாப்பே.

தஞ்சைத் தாய்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். செய்பவர் வீட்டுக்குள்ளேயே, நெருங்கிய உறவாக இருந்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் சொந்தத்தில் முன்பு அப்படி ஒன்று நடந்தபோது, குடும்ப மானம் போய்விடும் என்று எல்லோரும் பேசி மூடிவிட்டார்கள்.

பதில் 3: வழக்கறிஞர், மதுரை

அம்மா, தயங்காமல் கேட்டதற்கு நன்றி. அப்படி மூடிவைத்த பெரும்பாலான வீடுகளில் நடந்தது என்னவென்றால், செய்தவர் எல்லா விசேஷத்துக்கும் வழக்கம்போல் வந்து போவார். பிள்ளையைத்தான் வேறு ஊருக்கு, விடுதிக்கு என்று அனுப்பிவைப்பார்கள். தனக்குத்தான் தண்டனை என்று அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும். அவரைத் தட்டிக் கேட்காத வீட்டில் அடுத்த குழந்தையும் அவர் கைக்கெட்டும் இடத்திலேயே வளர்கிறது.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 19. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. உறவினர்கள் கூடிப் பேசி முடிப்பதற்கு இதில் இடமே இல்லை. செய்தவர் இரத்த உறவினராகவோ அதே வீட்டில் வசிப்பவராகவோ இருந்தால் சட்டம் அதைக் கடுமையான குற்றமாகக் கருதித் தண்டனையைக் கூட்டுகிறது.

பிள்ளை சொல்லும்போது முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல், “நீ சொன்னது ரொம்ப நல்லது, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை” என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள்; அதன் சொற்களை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. நடந்து மூன்று நாட்களுக்குள் என்றால் மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள், ஏனெனில் தொற்றுகளைத் தடுக்கும் சில மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்; முதல் தகவல் அறிக்கை இல்லை என்று கூறி எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க முடியாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அலுவலர், இயன்றவரை பெண் அலுவலர், பதிவு செய்ய வேண்டும். பிள்ளையின் பெயரோ முகவரியோ படமோ ஊடகங்களில் வரக்கூடாது என்பதும் சட்டமே.

குற்றம் செய்தவரும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால், குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் மாவட்ட அளவிலான அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்தையும் கேட்டு, அது எங்கே இருப்பது பாதுகாப்பு என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவு செய்யும். வழக்கு முடியும்வரை உடன் வர ஒரு துணை நபரையும் குழுவே ஏற்பாடு செய்யலாம். சம்பாதிப்பவரே சிறைக்குப் போய்விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற அச்சத்தால்தான் பல தாய்மார்கள் பின்வாங்குகிறார்கள். அவர்களுக்காகவே உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குச் சிறப்பு நிதியுதவி வழங்கும்படி குழு பரிந்துரைக்கலாம் என்று 2020 விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். இதைக் காவல் நிலையத்தில் தாமாகச் சொல்லமாட்டார்கள். நீங்கள் எழுத்தில் கேட்டு, மனுவின் நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.