மலை இல்லாத ஊரிலிருந்து மலைக்குப் போனவர்கள்

முதலியார்பேட்டையிலிருந்து

புதுச்சேரியில் மலை கிடையாது. கோரிமேட்டில் செம்மண் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கடலூர்க்காரர்கள் கேப்பர் மலையை மலை என்றே சொல்லிக்கொள்கிறார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலை மலை என்று அலைந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவர்களோடு நடந்தவர்கள், ஒரே ஒரு நாள் பழகியவர்களானாலும் சரி, நினைவில் இருப்பதை எழுதுங்கள். புகழுரை வேண்டாம். கூட நடக்கும்போது ஆள் எப்படி என்று சொன்னால் போதும்.

நான் மில் மாமாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். உறவு ஒன்றும் இல்லை, தெருவுக்கே மாமா. தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, வீட்டுக்குள் பேசினால் முனை வரை கேட்கும். மலையில் மட்டும் பேச்சு குறைந்துவிடும். முதல் பஸ்ஸில் திண்டிவனம், அங்கிருந்து செஞ்சி. மஞ்சள் பைக்குள் தூக்குச்சட்டியில் புளிச்சோறு. தண்ணீருக்கு ஒரு பிராந்தி பாட்டில், ‘நல்லா கழுவினதுப்பா’ என்று கேட்காமலேயே சொல்லிவிடுவார். காலில் டயர் செருப்பு.

செஞ்சிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கல்யாண மகால், களஞ்சியம் எல்லாம் பார்த்துவிட்டு, ராஜகிரியில் கமலக்கண்ணியம்மன் கோயில் வரை ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மாமா அடிவாரத்தில் நிற்கவே மாட்டார். ஆனால் ஏறுவது ஆமை வேகம். பாறை இடுக்கில் ஈரம் தெரிந்தால் விரலை வைத்துப் பார்ப்பார். 800 அடி ஏறி உச்சிக்குப் போனதும் நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்போம், அவர் கிழக்கே கையை நீட்டி ‘அதோ நம்ம ஆறு’ என்பார்.

அவர் சொன்னது சங்கராபரணியை. வராக நதி, செஞ்சி ஆறு எல்லாம் அதுதான். செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, திருவக்கரை வழியாக வில்லியனூரைத் தொட்டு, அரியாங்குப்பம் பக்கம் கடலில் சேர்கிற அந்த ஆற்றின் கரையை மாமா துண்டு துண்டாக நடந்தே முடித்தவர். ஒரு வாரம் விட்ட இடத்தில் அடுத்த வாரம் பிடிப்பார். சில நாள் நானும் கூடப் போனேன். திருவக்கரையில் கல்மரங்களைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், அப்படியே கல்லாகிவிட்டது என்று பலகையைப் படித்துக் காட்டினேன். மாமா முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, ‘நல்லா வைரம் பாஞ்ச மரம்’ என்றார்.

மழைக்காலத்தில் வில்லியனூர் பாலத்தில் புதுத்தண்ணீர் வந்தால் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். செஞ்சியில் மழை என்பது தெருவுக்கு அவர் மூலமாகத்தான் தெரியும்.

வில்லியனூரிலிருந்து

அவருடைய மூத்த மருமகன் நான். அண்ணன் எழுதியதில் ஒன்று விட்டுப்போய்விட்டது. ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே இழுவைப் பாலம். பாலத்தை இழுத்துக்கொண்டால் நாலு பேர் நின்று ஒரு படையையே மறித்துவிடலாமாம். 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை செஞ்சியை முற்றுகை போட்டுக் கிடந்ததென்றால் சும்மாவா. மாமனாருக்கு அந்த இடம் என்றால் நடுக்கம். என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பார். ‘காத்து ஜாஸ்தியா இருக்கு, உங்களப் புடிச்சுக்கறேன் மாப்ளே’ என்று பழியை என் மேல் போடுவார்.

நிச்சயம் ஆன மறு வாரமே என்னை ராஜகிரிக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளை எப்படி என்று பார்க்கத்தான். பாதி வழியில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து, காலை நீட்டிவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் ‘இனி டிக்கெட்ட ஏத்திடுவான்’ என்பதுதான் முதல் வார்த்தையாக இருந்திருக்கும்.

குருசுக்குப்பத்திலிருந்து

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். நவம்பர் 11 ஆனால் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். மற்ற நாளில் லுங்கி, கையில் ஒரு மூங்கில் கழி.

எங்களைப் பர்வதமலைக்குக் கூட்டிப் போனது அவர்தான். 4,560 அடி. கடைசியில் பாறையில் கடப்பாறைகளை அடித்துச் சங்கிலி கட்டியிருப்பார்கள், பிறகு இரும்பு ஏணி. பௌர்ணமி கூட்டத்தில் ஆளை ஆள் நெட்டிக்கொண்டு ஏறுவார்கள். தாத்தா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. இரண்டு கை, இரண்டு கால், இதில் மூன்று எப்போதும் ஒட்டியிருக்க வேண்டும். நாலாவது மட்டும்தான் நகரலாம். மேலிருந்து யாராவது அவசரப்படுத்தினால் ‘தூஸ்மான், தூஸ்மான்’ என்று பிரெஞ்சில் அதட்டுவார். அர்த்தம் தெரியாவிட்டாலும் கூட்டம் நின்றுவிடும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து

எங்கள் பி.டி. டீச்சரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

90-களில் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளி. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் எழுதாத சட்டம். எங்கள் டீச்சர் விட்டுக்கொடுத்ததே இல்லை. அது போதாதென்று சனிக்கிழமை காலையில் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி, மேலே ஹயக்ரீவர், 74 படி. பரீட்சை வந்தால் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் பேனாவோடு ஏறுகிற படி அது. டீச்சர் எங்களைப் பரீட்சை இல்லாத நாளில் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். ‘இத்தனை தடவ வந்தா பெருமாள் என்னம்மா வரம் குடுக்கறது?’ என்று அர்ச்சகரே கேட்டுவிட்டார்.

ஏறும்போது பாடச் சொல்வார். பாட்டு நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவள்தான் வரிசையில் முதல். எங்களுக்குப் புரியவில்லை. பிறகு ஒருநாள் விளக்கினார். மெதுவாக வருகிறவளைக் கடைசியில் விட்டால், முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிக் காத்திருப்பார்கள், அவள் வந்து சேர்ந்ததும் எழுந்து போய்விடுவார்கள், அவளுக்கு மட்டும் கடைசி வரை உட்காரக் கிடைக்காது.

செஞ்சியில் ராணிக்கோட்டைக்குக் கூட்டிப் போகிறேன் என்று வீடு வீடாக வந்து கேட்டார். என் அப்பா திண்ணையிலேயே நிற்க வைத்து, ‘பொம்பளப் புள்ளைங்க கோட்டை மேல ஏறி என்னாங்க பண்ணப் போவுது?’ என்றார். ‘எறங்கி வரும் சார்’ என்றார் டீச்சர். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அனுமதியும் வந்துவிட்டது.

அவருடைய பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்கித் துணிப் பை. அதில் எலுமிச்சை, உப்பு, ஊக்கு, சணல் கயிறு, அடியில் ஒரு பொட்டலத்தில் சுத்தமான பருத்தித் துணி. அந்த நாட்கள் என்று சொல்லி ஒருத்தியும் வீட்டில் தங்கக்கூடாது என்பதற்காக. அந்தக் காலத்தில் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். டீச்சரும் சொல்லவில்லை, பொட்டலம் எங்கே இருக்கிறது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கோடையில் யூத் ஹாஸ்டல் சங்கத்தின் மலையேற்றத்தில் இமயமலைக்குப் போய்விட்டு, மூக்குத் தோல் உரிந்து வந்து நின்றார். பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். பனியைப் பற்றிச் சொல்வார் என்று பார்த்தால், தலைவலியை மறைத்த ஒரு ஆளைப் பற்றிச் சொன்னார். 8,000 அடிக்கு மேலே போனால் காற்றின் அழுத்தம் குறைந்து, உடம்புக்குக் கிடைக்கிற ஆக்சிஜனும் குறையும். தலைவலி, வாந்தி என்று ஆரம்பிக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே போகக்கூடாது, அங்கேயே ஓய்வெடுக்க வேண்டும், குறையாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும். அந்த ஆள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் ஏறி, ராத்திரியில் கைத்தாங்கலாக இறக்க வேண்டியதாகிவிட்டது. கடல் மட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று தலைமையாசிரியை நெளிந்தது எங்களுக்கே தெரிந்தது.

புற்றுநோயில்தான் போனார். கடைசியாகப் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்தபடியே, ‘அபார்ட்மென்டுல எத்தனாவது மாடி உனக்கு?’ என்றார். நாலாவது என்றேன். ‘லிப்ட்டா, படியா?’ நான் பதில் சொல்வதற்குள் அவர் மகள் காபி கொண்டு வந்து என்னைக் காப்பாற்றினாள்.

லாஸ்பேட்டையிலிருந்து

டீச்சர் பற்றிப் படித்ததும் எங்கள் அண்ணன் நினைவு வந்தது. எங்கள் பைக் கோஷ்டிக்கு அவர்தான் தலை. ஜவ்வாது மலை, கொல்லிமலை என்று எங்கே போனாலும் வனத்துறை அனுமதிச் சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்கும். மாசி, பங்குனியில் மட்டும் அவரோடு போவது தண்டனை. காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் காய்ந்த புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்குவார். பொடிப்பொடியாக உதிர்ந்தால் வண்டியைத் திருப்பு என்பார். பெட்ரோல் காசு, லீவு, எல்லாம் போச்சு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவோம்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனுஷனால் அதை முந்தி ஏற முடியாது. அண்ணன் எங்களிடம் ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு எங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ‘வீட்ல இருக்கியா?’ என்று மட்டும் கேட்டார். யாரும் அந்தப் பக்கமே போகவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிவித்து, இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற மாதிரி செய்திருக்கிறார்கள். தீ பிடிக்கும் காலத்தில் மூடியும் விடுகிறார்கள். அண்ணன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். தூக்குவதற்குக்கூட எங்களை விடவில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

எனக்குச் சொல்ல ஆள் யாரும் இல்லை. ஆனால் செஞ்சிக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் திருநாதர்குன்றைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக. அருகில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதன் நினைவாக வெட்டியது. எப்படிப்பட்டவர், யார் மகன், ஒன்றும் கிடையாது. பேர், நாள் கணக்கு, அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் படிக்க முடிகிறது. எங்கள் ஊரும் ஒரு காலத்தில் பெரிய சமண ஊர், அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல்.

நெல்லிக்குப்பத்திலிருந்து

எல்லாரும் மலைக்குப் போனவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். மலையிலேயே இருந்த ஒருவரைப் பற்றி நான் எழுதலாமா?

வேலை நிமித்தம் கொஞ்ச காலம் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருந்தேன். அங்கே ஒரு பெரியவர், மலையாளிப் பழங்குடி. கேரளத்து மலையாளி இல்லை, அந்த மலைவாசிகளின் பெயரே மலையாளி. லீவு நாளில் என்னைக் காட்டுக்குள் கூட்டிப் போவார். எனக்கு அது ஊர்சுற்றல், அவருக்குப் பிழைப்பு. கடுக்காய் எந்த மரத்தில் முதலில் உதிரும், பாறைத்தேனுக்கு எந்தப் பக்கமாகப் புகை போட வேண்டும் எல்லாம் அத்துப்படி. 1976-ல் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் வரை அந்த மலை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நிலக்காரர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் அவர் வீட்டில் சாப்பிட்டதுதான், அப்புறம் எங்கேயும் அந்த ருசி அமையவில்லை.

அங்கே பெய்கிற மழை கோமுகியில் இறங்கி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது என்று ஒருநாள் சொன்னேன். ‘அப்ப எங்க தண்ணிய எங்க விடறீங்கன்னு வந்து பாக்கணுமே’ என்றார். வந்தே விட்டார். வழியில் பண்ருட்டியில் இறங்கி, குவித்து வைத்திருந்த பலாப்பழங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, விலையைக் கேட்டு, கடைக்காரரைப் பார்த்துச் சிரித்ததில் சண்டை வரப் பார்த்தது. பரங்கிப்பேட்டை முகத்துவாரம் பார்த்தோம், தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் கூட்டிப் போனேன். கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘பெருசாத்தான் இருக்கு’ என்றார். பிறகு திரும்பி, சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டார். எத்தனை வருஷத்தில் வெட்டலாம், டன் என்ன விலை, ஆடு கடிக்குமா என்று தோப்புக்காரரிடம் சாயங்காலம் வரை பேச்சு. கடைசியில் ஒரு கட்டு நாற்றை ஈரக்கோணியில் சுற்றி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

அவர் இறந்த தகவல் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பையன் கள்ளக்குறிச்சியில் லாரி ஓட்டுகிறான். துக்கம் விசாரிக்கப் போனபோது, அப்பா கூட்டிப்போன அந்தத் தேன்பாறைக்கு எப்படிப் போகணும் தம்பி என்று கேட்டேன். ‘எனக்கு எங்க சார் தெரியும், ரோடு வரைக்கும்தான் தெரியும்’ என்றான்.