காலிக்குப் போகும்போது டிங்கியைப் பின்னால் தொங்கவிடலாமா?

ஆயர்தாவார்_பாய்மரம்
நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வைத்திருக்கும் 36 அடி ஒற்றை உடல் பாய்மரப் படகு மலேசியாவின் லுமுட்டில் நிற்கிறது. ஜனவரியில் லங்காவி போய், அங்கிருந்து இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் போகிறோம். கரைக்குப் போய்வரும் 2.7 மீட்டர் துணைப்படகான டிங்கி (அடி பைபர், சுற்றிலும் காற்றுக் குழாய்) பின்பக்க டேவிட்டில், அதாவது தூக்கிக் கைகளில், தொங்குகிறது. அங்கேயே இறுக்கிக் கட்டினால் போதும் என்பது என் கட்சி. கூட்டாளிகள் இருவரும் முன்தளத்தில் கவிழ்த்துப் போடச் சொல்கிறார்கள்.

லுமுட்_பட்டறை
கூட்டாளிகள் சொல்வதுதான் சரி. ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றில் மேற்கே போகிறீர்கள். 1,100 கடல் மைலுக்கு மேல் காற்றும் அலையும் பின்னாலிருந்துதான் வரும். ஒரே அலை டிங்கிக்குள் 300 லிட்டர் கொட்டினால், அந்த நொடியே 300 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும். டேவிட் வளைகிறதோ இல்லையோ, அதைத் தளத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தாங்காது. அப்படி அடிபட்ட படகில் போல்ட்டைச் சுற்றி மெல்லிய விரிசல் ஓடியிருக்கும். உள்ளே லாக்கரைத் திறந்தால் வாஷர் பைபருக்குள் அமுங்கி, துருத் தண்ணீர் வடிந்த கோடு தெரியும்.

கயிறுக்காரன்
அண்ணே, தண்ணீர் நின்றால்தானே பாரம்? வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு, ஓட்டை இருக்கும் பக்கம் தாழ்ந்திருக்கும்படி தொங்கவிட வேண்டும். டிங்கியின் எஞ்சினைக் கழற்றிப் படகின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிடலாம்.

பலர் தூக்குகிற கப்பிக் கயிற்றிலேயே டிங்கியை விட்டுவிடுகிறார்கள், ஆபத்தே அதில்தான். தூக்கிய பிறகு பாரத்தைத் தனி வார்ப்பட்டைக்கு மாற்ற வேண்டும். அப்புறம் இரண்டு டேவிட்டுக்கும் நடுவே ஒரு குறுக்குக் கம்பி, டிங்கியின் இரு முனையிலிருந்தும் எதிரெதிர்ப் பக்கத்துக்குக் குறுக்குக் கட்டு. நைலான் வேண்டாம், இழுபடும். பாலியஸ்டர் கயிறு போடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி மாதிரிதான்: ஆட்டம் தொடங்கினால் கட்டு தானாகத் தளரும். கையால் உலுக்கினால் படகோடு சேர்ந்துதான் டிங்கி அசைய வேண்டும்.

லுமுட்_பட்டறை
தம்பி, கட்டு முறையில் குறை சொல்லவில்லை. பங்கோருக்கும் லங்காவிக்கும் அது போதும், சுமத்ரா பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று அடித்தாலும் பக்கத்தில் ஒதுங்க இடம் இருக்கிறது. ஆனால் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை வழியாக 300 லிட்டர் வடிய நிமிடக் கணக்கில் ஆகும். அடுத்த அலைக்குச் சில நொடிதான்.

இன்னொன்று, பின்விளக்கு. பின்னால் 135 பாகைக்கு அது மறைவில்லாமல் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. சுமத்ராவின் வடமுனையைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் போய்வரும் கப்பல் பாதையில்தான் நீங்களும் போகிறீர்கள். இரவில் முதுகுப் பக்கம் வரும் டேங்கருக்கு உங்கள் விளக்கு டிங்கிக்குப் பின்னால் மறைந்திருந்தால் என்ன ஆகும்?

கயிறுக்காரன்
விளக்கை டேவிட் நுனிக்கு மாற்றிவிடலாமே. கட்டமரான் (இரட்டை உடல் படகு) வைத்திருப்பவர்கள் டேவிட்டிலேயே மாட்டிக்கொண்டு பெருங்கடலைக் கடக்கிறார்களே?

லுமுட்_பட்டறை
விளக்கு சரி, அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் கட்டமரானில் டிங்கி இரண்டு உடலுக்கும் நடுவே, நல்ல உயரத்தில் நிற்கும். ஆயர் தாவார் தம்பி, உங்கள் டிங்கியின் அடி தண்ணீரிலிருந்து எத்தனை உயரம்?

ஆயர்தாவார்_பாய்மரம்
இன்று அளந்தேன், 80 சென்டிமீட்டர்தான். எரிபொருளும் தண்ணீரும் நிரப்பினால் இன்னும் தாழும். ஆனால் முன்தளத்தில் போட்டால் முன்பாயை இறக்கப் போகிறவன் காலை எங்கே வைப்பான்? அதுதான் என் கவலை.

லுமுட்_பட்டறை
குழாய்களின் காற்றை இறக்கிவிடுங்கள், உயரம் குறையும். பாய்மரத்துக்கு முன்னால் கவிழ்த்து, ஒரு பக்கமாவது நடக்க வழி விடுங்கள். தளத்தில் போல்ட் போட்ட வளையங்களில் கட்டுங்கள், ஓரத்துக் கைப்பிடிக் கம்பத்தில் வேண்டவே வேண்டாம். இதை உயிர்காப்புத் தெப்பமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தனியாக இருக்க வேண்டும்.

கயிறுக்காரன்
80 என்றால் நானும் தொங்கவிட மாட்டேன். லங்காவி வரை என் கட்டிலேயே கொண்டுபோங்கள், அங்கே நங்கூரமிட்டுக் காற்றை இறக்கிக்கொள்ளலாம். கயிறு உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயை வெட்டிப் போடுங்கள்.