ஹைட்ரோபோனில் ஓயாத படபடப்பு: கருவி பழுதா?

பார்க்கடல்:
மண்டபம் பக்கம் ஒரு பவளப்பாருக்கு அருகே, நாட்டுப்படகிலிருந்து ஹைட்ரோபோனை (நீருக்கடி மைக்) இறக்கிப் பதிவு செய்தோம். மாதிரி வீதம் 48 கிலோஹெர்ட்ஸ். மீன்களின் ஒலிதான் வேண்டும். ஆனால் பதிவு முழுக்க எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரே படபடப்பு. ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் படம்) நெருக்கமான செங்குத்துக் கோடுகள். அடியில் 'டும் டும்' வேறு. கேபிளில் தண்ணீர் புகுந்துவிட்டதா? புதிது வாங்கக் காசில்லை.

நீரொலி:
காசு பத்திரமாக இருக்கட்டும் தம்பி. முதலில் ஒரு வாளி குழாய்த் தண்ணீரில் ஹைட்ரோபோனை மூழ்கவிட்டு, அதே கெயினில் (ஒலியைப் பெருக்கும் அளவு) பதிந்து பாருங்கள். படபடப்பு இல்லையென்றால் அது கடலின் சத்தம்தான்.

அநேகமாக இறால். விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை, பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் நீரைப் பீய்ச்சும்; அதில் ஒரு குமிழி உண்டாகி நொறுங்கும். உங்களுக்குக் கேட்பது குமிழி நொறுங்கும் சத்தம், கொடுக்கு மோதுவது இல்லை. 2000-இல் அதிவேகக் கேமரா வைத்து இதை நிரூபித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கியைத் தேடியவர்களுக்கே இந்த இரைச்சல் தலைவலிதான்!

இறாலின் சத்தம் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் பலமாக இருக்கும். மீன்கள் பெரும்பாலும் 100 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள். அந்த அதிர்வெண் பட்டையை மட்டும் வடிகட்டிக் கேளுங்கள்.

பார்க்கடல்:
நன்றி அண்ணே. வாளியில் அமைதி. வடிகட்டியதும் மாலைப் பதிவில் 'கர்ர் கர்ர்' என்று வரிசையாக வருகிறது! ஆனால் 'டும்' போகவில்லை. ஒலிக் குறியீடு (ஒரு பதிவின் ஒலியை ஒரே எண்ணாகச் சுருக்கும் கணக்கு) போட்டால் எல்லா நாளும் கிட்டத்தட்ட ஒரே எண்.

நீரொலி:
'டும்' படகின் அடியில் அலை மோதுவது, அல்லது கேபிள் இழுபடுவது. எஞ்சினை அணைத்தாலும் போகாது. படகில் கட்டாமல், அடியில் ஈயக்குண்டு, மேலே நீருக்குள்ளேயே நிற்கும் சின்ன மிதவை, நடுவே ஹைட்ரோபோன் என்று தனியாக நிறுத்துங்கள். கேபிளைத் தொய்வாக விடுங்கள்.

ஆழிவாசி:
குறியீட்டை முழுப் பட்டைக்கும் போட்டால் அது இறாலைத்தான் அளக்கும். மீன் பட்டைக்குத் தனியாகப் போடுங்கள். அதற்காக இறால் பகுதியை அழித்துவிடாதீர்கள், அதுவும் தரவுதான். ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில், புயலும் பவள வெளுப்பும் (வெப்பத்தால் பவளம் நிறமிழப்பது) தாக்கியபின் பவளப்பார்கள் முன்பைவிட அமைதியாகிவிட்டன. அந்த அமைதியான பாரின் ஒலிக்கு மீன்குஞ்சுகளும் குறைவாகவே வந்தன. 2018-இல் வெளியான ஆய்வு அது.

இன்னொன்று, ரெக்கார்டரில் ஆட்டோ கெயின் (பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த நாள் சத்தம் அதிகம் என்று ஒப்பிடவே முடியாது.