சிங்கப்பூரிலிருந்து சென்னை, திருச்சி ராத்திரி விமானம்: சின்னப் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

செங்காங் அம்மா:

டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் பார்க்க உட்கார்ந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "ராத்திரி ஃபிளைட் எடு, பிள்ளைங்க தூங்கிடும்." லண்டன், மெல்பர்ன் போகிறவர்களுக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். நம் ஊருக்குப் போய்வர அது சரிப்படாது என்பது என் கட்சி. அதுவும் திரும்பி வரும்போது சுத்தமாகச் சரிப்படாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் இரவு பதினொன்றேகால் வாக்கில் கிளம்பினால் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் காலை ஆறு மணிக்கு இறங்கலாம். டிக்கெட்டில் பார்த்தால் ஒரு முழு இரவு. ஆனால் நடுவில் இரண்டரை மணி நேரத்தைக் கடிகாரம் விழுங்கிவிடுகிறது. பறப்பது நாலேகால் மணி நேரம்தான். அதில் மேலே ஏறி சீட் பெல்ட் விளக்கு அணைய கொஞ்ச நேரம், அப்புறம் சாப்பாட்டு வண்டி, அது போனதும் தட்டு எடுக்கும் வண்டி. விளக்கை அணைக்கும்போது நம் ஊர் நேரம் பன்னிரண்டரை தாண்டியிருக்கும். மூன்று மணிக்கெல்லாம் மறுபடி விளக்கு, அறிவிப்பு, "இருக்கையை நிமிர்த்துங்கள்". எல்லாம் கூடி வந்தால் இரண்டு மணி நேரம் தூங்கலாம். குழந்தையை நன்றாக உறங்கவைத்துப் பாதியில் எழுப்புவதற்கு, உறங்கவே விடாமல் இருந்திருக்கலாம்.

என் மூத்தவளுக்கு நாலு வயது. போன முறை சென்னையில் குடிநுழைவு வரிசையிலேயே அப்பா தோளில் தூங்கிவிட்டாள். விமானத்தில் ஏறி உட்கார வைத்ததும் கண் திறந்தவள், சாங்கி வரும்வரை மூடவில்லை. முன்சீட்டை உதைத்துக்கொண்டே இருந்தாள். முன்னால் இருந்த அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை, "கொஞ்சம் சொல்லக் கூடாதா?" என்றார். சொல்லாமலா இருப்பேன்? அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, காலையில் அவருக்கு வேலை இருக்கலாம். கடைசியில் அந்த அம்மாவும் என் கணவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அதன்பிறகு உதை எல்லாம் பெற்றவர் முதுகில்தான். இப்போது டிக்கெட் போடும்போதே அவருக்கு எங்கள் முன்வரிசையில் இடம் எடுத்துவிடுகிறோம். ஒரே வரிசையில் குடும்பமாக உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்கள் கதையையும் சொல்லுங்கள். இளையவனுக்கு 11 மாதம் ஆகிறது, அவனை வைத்துக்கொண்டு இந்தத் தடவை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஈசூன் திருச்சிக்காரர்:

அக்கா, கணக்கு சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அன்று ராத்திரியே ஏறினால் ஒரு நாள் விடுப்பு மிச்சம். திரும்பும்போதும் ஞாயிறு இரவு ஏறி திங்கள் காலை இறங்கி நேராக அலுவலகம். என்னைப் போன்றவர்கள் வேறு எப்படிப் போவது?

திருச்சி விமானத்துக்கு என்று ஒரு தனிக் குணம் உண்டு. பாதி இருக்கைகளில் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தம்பிகள் இருப்பார்கள். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறவர்கள். குழந்தை அழுதால் மற்ற விமானங்களில் எல்லாரும் காதில் ஹெட்ஃபோனை மாட்டுவார்கள், இங்கே நாலு கை நீளும். பக்கத்து இருக்கையில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். தன் பெண் பிறந்ததிலிருந்து வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாராம். எங்கள் பையன் அவரிடம் ஒட்டிக்கொண்டான். அவரும் சந்தோஷமாக மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் அந்தப் பெண்ணின் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். விமானம் இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்துப் பையன் குடித்த பால் முழுவதையும் அவர் சட்டையில் கக்கிவிட்டான். வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகவென்று முஸ்தபா கடையில் வாங்கிய புதுச் சட்டை!

என் கைப்பையில் மாற்றுக்கு இருந்த டீ-சட்டையைக் கொடுத்தேன். ஈசூன் சமூக மன்றத்து ஓட்டப் பந்தயத்தில் கொடுத்தது, ஆரஞ்சு நிறம், முதுகில் பெரிய எழுத்து. பெண்ணை முதல்முறையாகத் தூக்கப் போகிற மனிதர் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். "பரவாயில்லண்ணே, புள்ளைக்கு கலர் புடிக்கும்" என்றார்.

அதனால் என் யோசனை ஒன்றுதான்: மாற்றுத்துணி குழந்தைக்கு மட்டும் போதாது, உங்களுக்கும் ஒன்று வையுங்கள். முடிந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்கும்.

இரவுப்பணி தாதி:

நான் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் காது பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விமானம் உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலை உச்சியில் இருப்பது போலத்தான். இறங்கும்போது அழுத்தம் கூடிக்கொண்டே வரும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் இரண்டு பக்கமும் சமமாகும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் படுக்கை வாட்டமாகவும் இருப்பதால் சட்டென்று திறக்காது. வாய் அசைத்து விழுங்கும்போது திறக்கும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. இறங்கும்போது தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று வீறிட்டு எழுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

பெற்றோர் பலர் ஊர் விளக்குகள் கண்ணில் பட்டபிறகுதான் பால் புட்டியை எடுப்பார்கள். அது தாமதம். தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். எஞ்சின் சத்தம் குறைவதிலேயே தெரியும். அப்போதே தாய்ப்பாலோ புட்டியோ கொடுக்க ஆரம்பியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. பெரிய பிள்ளை என்றால் உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர் போதும். கடுமையான சளியோ காது வலியோ இருந்தால் கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுக்கிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு அது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து ராத்திரி முழுக்க ஆட்டம் போட வைக்கும்.

ஜூரோங் பாட்டி:

நான் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கும் இங்கேயுமாகப் போய்வருகிறவள். மருமகள் பை நிறைய பொம்மை, ஐபேட், ஸ்டிக்கர் புத்தகம் எல்லாம் அடுக்கித் தருவாள். எதுவும் முதல் அரை மணி நேரத்தைத் தாண்டாது. நான் எடுத்துப் போவது ஒரு பழைய நூல் புடவை. விமானத்தில் குளிர் அதிகம், அவர்கள் தரும் போர்வை பிள்ளைகளுக்குச் சொரசொரப்பு. புடவையை இரண்டாக மடித்துப் போர்த்தினால் வீட்டு வாசனைக்கே பாதி பிள்ளைகள் அடங்கிவிடும். துடைக்கவும் ஆகும், மறைத்துப் பால் கொடுக்கவும் ஆகும்.

சாப்பாட்டுக்கு வறண்ட இட்லியில் பொடியும் நெய்யும் தடவி, சின்னத் துண்டாக நறுக்கி எடுத்துப் போங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர்கள் கொடுக்கும் பாஸ்தாவை எந்தப் பிள்ளை தின்னும்?

தங்கச்சி, உன் முன்சீட்டு அம்மாவைப் போல எனக்கும் ஒருவர் வாய்த்தார். அழுகிற பேத்தியைத் தூக்கிக்கொண்டு நான் பின்பக்கம் பணிப்பெண்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். அங்கே ஒரு மலாய்ப் பெண், வேலையை வைத்துவிட்டுக் காகிதக் குவளையில் கண்ணும் மூக்கும் வரைந்து கொடுத்தாள். பேத்தி அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். அழும்போது இருக்கையிலேயே உட்கார்ந்து சமாதானப்படுத்துவதைவிட இடத்தை மாற்றுவது நல்லது. பிள்ளைக்கும் மாறுதல், மற்றவர்களுக்கும் நிம்மதி.

தூக்கம் கெட்டவன்:

லண்டன் போய்வருகிறவர்கள் சார்பில் ஒரு குரல். சாங்கியில் இரவு பதினொன்றரை வாக்கில் ஏறினால் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். சாப்பாட்டு வண்டி எல்லாம் போன பிறகும் ஒரு முழு இரவு மிச்சம் இருக்கும். எங்கள் மகள் எட்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்கிறாள். ஆகவே செங்காங் அம்மா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், சின்னப் பயணம்தான் கஷ்டம்.

பாசினெட், அதாவது விமானத்தில் கைக்குழந்தைக்குத் தரும் தொட்டில், பற்றி யாரும் சொல்லவில்லையே. முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட்டால் நிம்மதி என்று நினைப்போம். அதைச் சுவரில் மாட்டுவதால் முதல் வரிசைதான் கிடைக்கும். அந்த வரிசையில் கைப்பிடிக்குள்ளேதான் சாப்பாட்டுத் தட்டு இருக்கும், கைப்பிடியை மேலே தூக்க முடியாது. அதாவது சின்னதற்குத் தொட்டில் கிடைக்கும், நாலு வயதுப் பெரியவள் உங்கள் மடியில் கால் நீட்டிப் படுக்க முடியாது. இரண்டு பிள்ளை உள்ளவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். நாலு மணி நேரப் பயணத்தில் எனக்குப் பாசினெட்டே வேண்டாம்.

சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையை அதிலிருந்து எடுத்து, மடியில் வைத்து, தனி பெல்ட்டால் கட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கும், எடுக்க மனசு வராது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் நடுவானில் கடுமையாகக் குலுங்கி, பாங்காக்கில் இறக்கப்பட்டதே, ஒருவர் இறந்தும் போனாரே. அதற்குப் பிறகு நான் யோசிப்பதே இல்லை, விளக்கு எரிந்தால் குழந்தை மடிக்கு வந்துவிடும். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா ஒருமுறை, "பாவம், தூங்கட்டுமே" என்றார். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

அப்புறம், பிள்ளைக்குப் பயணத்தின் நடுவே இரண்டு வயது முடிகிறது என்றால் திரும்பும் வழிக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். மடிக் கட்டணம் செல்லாது. பாட்டி வீட்டில் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று திட்டம் போடுபவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்காங் அம்மா:

கைப்பிடி விஷயம் எனக்குத் தெரியாது, நல்லவேளை சொன்னீர்கள். பாசினெட் வரிசையை விட்டுவிட்டோம். போகும்போது காலை விமானம், விலை கொஞ்சம் கூடுதல். திரும்பும்போதும் பகல்தான், மறுநாள் ஞாயிறு. ஈசூன் தம்பி விடுப்பு பற்றிச் சொன்னது சரி. ஆனால் பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளை காலை ஆறு மணிக்கு இறங்கினால் அன்றைக்கு யார் வீட்டில் இருப்பது? எப்படியும் எங்களில் ஒருவருக்கு விடுப்பு போகத்தான் போகிறது.

தெம்பனிஸ் அப்பா:

கடைசியாக வருகிறேன், சாங்கி பற்றி மட்டும். 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலுக்கு (கேட்) பக்கத்தில்தான் நடக்கும், 4-இல் மட்டும் குடிநுழைவு முடிந்ததும் ஒரே இடத்தில். கேட் உள்ளே போய்விட்டால் பல இடங்களில் கழிவறை இருக்காது, வெளியே வந்து மறுபடி சோதனை செய்துகொள்ள வேண்டும். டயப்பர் மாற்றுவது, பெரிய பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் வெளியிலேயே முடித்துவிட்டு, கூப்பிட்ட பிறகு உள்ளே போங்கள். குழந்தைக்கான பாலுக்கும் அதற்கான வெந்நீருக்கும் நூறு மில்லிலிட்டர் கட்டுப்பாடு இல்லை, பயணத்துக்கு வேண்டிய அளவு கொண்டு போகலாம். கேட்டால் எடுத்துக் காட்டினால் போதும்.