குழிக்குள் குளிர் அணுக்கள்: பம்பைக் கூட்டியும் கோலம் விழவில்லை, ஏன்?

அட்டன்_அலை:
பேராதனையில் இறுதியாண்டுச் செயற்றிட்டம்: இரு ஆடிகளுக்கு இடையிலான ஒளிக்குழியில் குளிர் அணுக்கள்; பம்ப் லேசரை ஒரு வாசலுக்கு மேலே கூட்டினால் அவை தாமாகவே ஒழுங்கான கோலமாக அடுக்கிக்கொள்வதைக் கணினியில் காட்ட வேண்டும். ரூபிடியம் 87 போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம் (எல்லா அணுக்களும் ஒரே அலைச்சார்பில்), 1,00,000 அணுக்கள். 784.5 நனோமீற்றர் பம்ப் லேசர் குழி அச்சுக்குச் செங்குத்தாக. கப்பா (குழிப்புலம் கசியும் வீதம்) 2π × 1.3 மெகாஹேர்ட்ஸ். குழி அச்சில் மட்டும், ஒரு பரிமாணச் சராசரிப்புலக் கணிப்பு (குவாண்டம் ஏற்ற இறக்கம் சேராதது). பெட்டி நீளம் அரை அலைநீளம், ஆவர்த்தன எல்லை. சீரான அலைச்சார்பு, பூச்சியக் குழிப்புலம் என்று தொடங்குகிறேன். பம்பை எவ்வளவு கூட்டினாலும் புலம் பூச்சியத்திலேயே நிற்கிறது. கோட் பிழையா?

பதுளை_சேர்:
கோட் சரியாகத்தான் இருக்கும் தங்கச்சி, தொடக்கம்தான் பிழை. சீரான அடர்த்தியும் பூச்சியப் புலமும் சமன்பாட்டின் சரியான தீர்வு. வாசலுக்கு மேலே அது நிலையற்றது. ஆனாலும் தட்டிவிட ஏதாவது வேண்டும். ஆய்வுகூடத்தில் குவாண்டம் ஏற்ற இறக்கம் அதைச் செய்யும். நீங்கள் அலைச்சார்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இரைச்சல் போடுங்கள்.

பெட்டியையும் மாற்றுங்கள். பம்பும் குழிப்புலமும் குறுக்கிட்டுத் தரும் அழுத்தச் சக்தியின் ஆவர்த்தனம் முழு அலைநீளம். அரை அலைநீளப் பெட்டியில் அந்த அலையெண்ணுக்கு இடமே இல்லை. ஓர் அலைநீளம், 128 புள்ளிகள் தாராளம்.

கண்டி_குவாண்டா:
இசைவு விலகலின் (லேசர், குழி அதிர்வெண்களின் வித்தியாசம்) குறியையும் பாருங்கள். அணுக்களால் நகர்ந்த குழி அதிர்வெண்ணுக்குக் கீழே லேசர் இருக்க வேண்டும். விலகல் கப்பாவுக்குச் சமமாகும்போது வாசல் மிகக் குறைவு: ஈட்டா × √அணு எண்ணிக்கை = √(பின்னடிப்பு அதிர்வெண் × கப்பா). ஈட்டா என்பது ஓர் அணு பம்ப் ஒளியைக் குழிக்குள் சிதறும் வலிமை; பின்னடிப்பு என்பது ஒரு போட்டனின் உதைப்பால் அணு பெறும் சக்தி, அதிர்வெண்ணாக. பின்னடிப்பு 2π × 3.73 கிலோஹேர்ட்ஸ், ஆகவே அந்தப் பெருக்கம் ஏறத்தாழ 2π × 70 கிலோஹேர்ட்ஸ்; ஈட்டா 2π × 220 ஹேர்ட்ஸ். விலகல் 10 கப்பா என்றால் வாசல் 2.25 மடங்கு.

சூரிச்சில் 2010இல் வெளியான பரிசோதனையோடு ஒப்பிடுவதென்றால் கவனம். அங்கே பம்ப் திசையிலும் அணுக்கள் உந்தம் பெறுகின்றன. பின்னடிப்பு இரட்டிக்கும், சதுரங்கப் பலகை போல் அடுக்கும் வரும்.

நேரப்படி 0.02 மைக்ரோசெக்கன். குழி வேகம், அணு மந்தம், அதுதான் தொல்லை. புலத்தை உடனடிச் சமநிலையாக எடுத்தால் படியைப் பெருப்பிக்கலாம். ஆனால் குழியின் தாமதம் தரும் தணிப்பு போய்விடும். 10 மில்லிசெக்கன் ஓட 5 இலட்சம் படிகள். மழைக்காலத்தில் அட்டனில் கரண்ட் நம்ப முடியாது, இடைக்கிடை கோப்பில் சேமியுங்கள்.

அட்டன்_அலை:
கோலம் விழுகிறது! ஆனால் ஒரு ஓட்டத்தில் புலம் நேர், அடுத்ததில் எதிர். சராசரி பூச்சியம்.

பதுளை_சேர்:
அப்படித்தான் வரவேண்டும். அணுக்கள் கோலத்தின் இரட்டை இடங்களிலா, அரை அலைநீளம் தள்ளிய ஒற்றை இடங்களிலா என்பதை இரைச்சல்தான் தீர்மானிக்கும். புலத்தின் கட்டம் 0 அல்லது π. சராசரி எடுக்காமல் ஒழுங்குக் கணியத்தின் (கோலம் எவ்வளவு பலம் என்று காட்டும் எண்) தனிமதிப்பை வரையுங்கள்.