பெரிய பெயருக்குப் பக்கத்து ஊர்: கொடுத்த காசுக்கு மேல் தரும் ஒயின்கள்

கார்க்திருகி:
காசுக்கு மேல் தந்த பாட்டில், ஏமாற்றிய பாட்டில் இரண்டையும் இந்த இழையில் சேர்ப்போம். "சூப்பர்", "மொக்கை" என்று மட்டும் எழுதாமல், லேபிளில் எதைப் பார்த்து எடுப்பது, எங்கே கோட்டை விடுகிறோம் என்றும் எழுதினால் அடுத்தவருக்குப் பயன்படும்.

வண்டல்:
ஆகக் குறைந்த விலை பாட்டிலில் கண்ணாடி, மூடி, லேபிள், லாரி, வரி எல்லாம் போக ஒயினுக்கென்று மிஞ்சுவது சொற்பம். ஆகவே அடிமட்டத்தை விட்டு ஒரு படி மேலே போவது லாபம். ரொம்ப மேலே போனால் ஊர்ப் பெயருக்குக் காசு அழுவோம். அந்த ஊரின் பக்கத்து ஊரைத் தேடுவதுதான் வழி.

பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் சான்சேர் என்றால் விலை ஏறிவிடும். அதை ஒட்டியே மெனெத்து-சலோன் இருக்கிறது. அதே சோவினியோன் பிளாங்க் திராட்சை, அதே சுண்ணாம்புக் களிமண். இன்னும் மேற்கே கேன்சி, ரெய்யி. கேன்சியில் மணலும் கூழாங்கல்லும் கூடுதல் என்பதால் கனி சற்று முன்னதாகப் பழுத்து, ஒயின் கொஞ்சம் மிருதுவாக வரும். சான்சேரின் கூர்மையை எதிர்பார்ப்பவர்கள் மெனெத்து-சலோனோடு நிற்கலாம்.

இத்தாலியில் பரோலோ என்ற விலை கூடிய சிவப்பு ஒயின் 38 மாதம் முதிர்ந்த பிறகே வெளிவரும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அதே நெபியோலோ திராட்சையில் சுற்றுவட்டாரமான லாங்கேயில் போடும் லாங்கே நெபியோலோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பரோலோ தயாரிப்பாளர்கள் பலர் இளங்கொடிகளின் கனியை இதில்தான் போடுகிறார்கள். எனவே வட்டாரத்தை விடத் தயாரிப்பாளர் பெயர் முக்கியம்: நல்ல பரோலோ போடுபவரின் லாங்கே நெபியோலோவை எடுங்கள். ப்ருனெல்லோ என்ற விலை கூடிய இத்தாலியச் சிவப்புக்கு, அதே மொண்டால்சினோ ஊரின் ரோஸ்ஸோ டி மொண்டால்சினோ இதே மாதிரிதான். சாஞ்சியோவேசே திராட்சை, அறுவடைக்கு அடுத்த செப்டம்பரிலேயே வந்துவிடும்.

பிரான்ஸின் சொத்தேர்ன் போன்ற இனிப்பு ஒயின் வேண்டுமானால் கரோன் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போங்கள்: லூப்பியாக், சாந்த்-குருவா-து-மோன். செமியோன் கனியில் பூஞ்சை பிடித்துத் தண்ணீர் வற்றிச் சர்க்கரை திரளும் அதே முறை. அடர்த்தி ஒரு மாற்றுக் குறைவு, விலை பல மாற்றுக் குறைவு.

நுரைப்பான்:
குமிழி ஒயினில் நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "எக்ஸ்ட்ரா ட்ரை" என்று போட்டிருந்தால் ப்ரூட்டை விட இனிப்பு அதிகம்! ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள். எக்ஸ்ட்ரா ட்ரை 12 முதல் 17 கிராம். சுத்தமாக இனிப்பே வேண்டாம் என்றால் ப்ரூட் நேச்சர், 3 கிராமுக்குள்.

ஷாம்பெயினின் ரொட்டி மணம் வருவது, பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, செத்த ஈஸ்ட்டின் மேல் கிடப்பதால். அதே முறையில்தான் பிரான்ஸின் க்ரெமானும் ஸ்பெயினின் காவாவும். இரண்டுமே குறைந்தது 9 மாதம் ஈஸ்ட் மேல் கிடக்க வேண்டும். காவா ரிசர்வா 18 மாதம், கிரான் ரிசர்வா 30 மாதம். விலைக்குத் தகுந்த முதிர்ச்சி என்று பார்த்தால் காவா கிரான் ரிசர்வாவை அடிக்க ஆளில்லை என்பேன். இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் அழுத்தத் தொட்டியில் நொதிப்பது. பழ மணம்தான் அதன் பலம். அதில் ரொட்டி மணம் தேடினால் ஏமாற்றம்தான்.

துவர்ப்பு:
"ரிசர்வா" என்ற சொல் பற்றி நுரைப்பான் சொன்னதோடு ஒன்று. ஸ்பெயினில் அது சட்டம். ரியோஹா வட்டாரச் சிவப்பு என்றால் க்ரியான்சா 2 ஆண்டு, ரிசர்வா 3 ஆண்டு, இரண்டிலும் குறைந்தது ஓராண்டு ஓக் பீப்பாயில். கிரான் ரிசர்வா 5 ஆண்டு, அதில் 2 ஓக்கில். அமெரிக்கா, ஆஸ்திரேலியா பாட்டிலில் "ரிசர்வ்" என்று இருந்தால் அது விற்பவர் சூட்டிய பெயர், அவ்வளவே. பிரான்ஸில் "பழங்கொடி" என்று எழுதவும் வயது வரம்பு கிடையாது. தென்னாப்பிரிக்காவில் உண்டு: 35 ஆண்டுக்கு மேற்பட்ட தோட்டம் என்ற சான்று முத்திரையும், கொடி நட்ட ஆண்டும் பாட்டிலிலேயே இருக்கும். அந்த முத்திரையுள்ள ஸ்வார்ட்லாண்ட் வட்டாரச் செனின் பிளாங்க் வெள்ளை கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். அடி கனத்த பாட்டிலுக்கு மயங்க வேண்டாம். அந்தக் கண்ணாடிக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

சிலியின் கார்மெனேர் திராட்சை பற்றியும் சொல்ல வேண்டும். 1994 வரை அங்கே பல தோட்டங்களில் அதை மெர்லோ என்ற வேறு திராட்சை என்றே நினைத்திருந்தார்கள். பூர்சிக்கோ என்ற பிரெஞ்சுத் தாவர வல்லுநர்தான் பிரித்துக் காட்டினார். மெர்லோவை விட வாரக்கணக்கில் தாமதித்துப் பழுக்கும் கனி. அவசரப்பட்டுப் பறித்தால் பச்சைக் குடைமிளகாய் வாசம் தூக்கும். கார்மெனேர் பிடிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் குடித்தது இந்த அரைப்பழத்தைத்தான். ஒரு படி விலை கூடிய பாட்டிலில் அந்த வாசம் லேசாக அடங்கியிருக்கும்.

மொட்டைக்கோப்பை:
ஜெர்மன் வெள்ளை ஒயினான ரீஸ்லிங் இனிப்பா இல்லையா என்று லேபிளைப் படித்தே தலை சுற்றும். எளிய வழி, ஆல்கஹால் சதவீதம். 8% பக்கம் என்றால் நொதிக்காத சர்க்கரை நிறைய மிச்சம், இனிப்பு உறுதி. 12%க்கு மேல் என்றால் ஏறக்குறைய இனிப்பில்லாதது. "ட்ரோக்கன்" என்ற சொல் இருந்தால் லிட்டருக்கு 9 கிராமுக்குள். "ஃபைன்ஹெர்ப்" என்றால் நடுவாந்தரம், ஆனால் அதற்குச் சட்ட அளவு இல்லை.

மெலிந்த, உப்பு ருசி தட்டும் வெள்ளை வேண்டுமா? பிரான்ஸின் மஸ்காடே எடுங்கள், ஆனால் "சுர் லீ" என்ற இரண்டு சொல்லும் லேபிளில் இருக்கட்டும். குளிர்காலம் முழுக்கச் செத்த ஈஸ்ட் வண்டலோடு கிடந்தது என்று பொருள். அது இல்லாத மஸ்காடே பல நேரம் வெறும் புளித்தண்ணீர்.

கார்க்திருகி:
இரண்டு இத்தாலிய ஒயின்களின் பெயரில் வரும் மொந்தேபுல்சியானோ குழப்பத்தை யாராவது தீர்த்துவைத்தால் நல்லது.

வண்டல்:
"மொந்தேபுல்சியானோ தாப்ரூட்சோ" என்பதில் அது திராட்சையின் பெயர். "வினோ நோபிலே டி மொந்தேபுல்சியானோ" என்பதில் ஊரின் பெயர், உள்ளே இருப்பது பெரும்பாலும் சாஞ்சியோவேசே. மலிவாகவும் சதைப்பற்றாகவும் வேண்டுமென்றால் முதலாவது.

நிழலறை:
நல்ல பாட்டிலை வாங்கிக் கெடுப்பது பற்றி யாரும் எழுதவில்லை. கடை விளக்கடியில் தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் நிற்கும் வெள்ளை, ரோஸே என்ற இளஞ்சிவப்பு இரண்டையும் தவிர்க்கவும். ஒளி பட்டு ஒயினிலுள்ள ரைபோஃபிளேவின் வினைபுரிய, கந்தகமும் வெந்த முட்டைக்கோஸும் கலந்த நாற்றம் வரும். அதைச் சரிசெய்ய முடியாது. ஈரமான அட்டை வாசம், பழ மணமே இல்லை என்றால் டிசிஏ என்ற வேதிப்பொருள், கார்க் வழியாக வருவது. உடம்புக்குக் கெடுதலில்லை, காற்றாட வைத்தாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுங்கள். திருகு மூடியைத் திறந்ததும் தீக்குச்சி வாசம் வந்தால் மட்டும் பொறுங்கள். வாயகன்ற சாடியில் ஊற்றி அரைமணி வைத்தால் பெரும்பாலும் கலைந்துவிடும்.

மலிவு வெள்ளையில் புதிய அறுவடை ஆண்டையே எடுக்கவும். தென் அரைக்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதே ஆண்டு போட்ட ஐரோப்பிய பாட்டிலை விட அது அரையாண்டு மூத்தது.

நுரைப்பான்:
ஸ்பெயினின் ஃபினோ ஷெர்ரியை விட்டுவிட்டோமே! 15% ஆல்கஹால் இருப்பதால் கெடாது என்று அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். பீப்பாயில் ஈஸ்ட் படலம் மூடிக் காற்றுப் படாமல் வளர்ந்த ஒயின் அது. திறந்ததும் காற்று அதைத் தின்றுவிடும். குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும்.

துவர்ப்பு:
மிச்சம் வைப்பவர்களுக்கு: 375 மி.லி. திருகு மூடிப் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்திருங்கள். பெரிய பாட்டிலைத் திறந்த உடனே பாதியை அதில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் குளிர்பெட்டியில் நாலைந்து நாள் தாங்கும். சிவப்பு என்றால் குடிப்பதற்கு அரைமணி முன் வெளியே எடுத்தால் போதும்.